காட் போட இடமில்லாத மெசின்

ஷரோன் நதானியேலுக்குப் பக்கத்து சீற்றில் இருந்து பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. பதினொரு வருடமாக அதை அனுபவிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். யன்னலைத் திறப்பாள். காற்று அடிக்கிறது என்று மூடுவாள். புழுங்குகிறது என்று திரும்பத் திறப்பாள். கைப்பையை மடியில் வைப்பாள், காலடியில் வைப்பாள், கடைசியில் என் மடியில் கொண்டுவந்து வைப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் வீடு கொக்குவில், வேலை கரவெட்டியில், பிரதேச செயலகத்தில். காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், பின்னேரம் அதே அளவு. முழித்திருக்கிற நேரத்தில் என் புருசனோடு இருந்ததைவிட இவளோடுதான் கூட இருந்திருப்பேன்.

அவள் அசையாமல் இருப்பது அந்த மெசின் கையில் இருக்கும்போது மட்டும்தான். பிள்ளைகளின் பென்சில் பெட்டி அளவு, இரண்டு பக்கமும் பொத்தான்கள், நடுவில் திரை. நாற்பத்தொரு வயதுப் பெண், காணிப் பகுதியில் பொறுப்பான உத்தியோகத்தர், பஸ்ஸில் இருந்து கேம் விளையாடுகிறாளே என்று ஆரம்பத்தில் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. ஆனால் மெசினைப் போட்டவுடன் விளையாடத் தொடங்கமாட்டாள். முதலில் தன் போனிலிருந்து அதற்கு இன்ரநெற் கொடுப்பாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். அது சுற்றி முடியும்வரை மூச்சு விடமாட்டாள், நான் ஏதாவது கதைத்தால் கையைக் காட்டி நிற்பாட்டுவாள். கேம்களின் பட்டியல் வந்தபிறகுதான், "சரி, இண்டைக்கும் வெட்டேல்லை" என்று சொல்லிவிட்டு ஆறுதலாகச் சாய்வாள்.

வெட்டாமல் விட்டிருப்பவர் அவளுடைய அண்ணன் அருள்நேசன். கனடாவில் இருக்கிறார். ஷரோன் அவரோடு கதைத்து ஆறு வருடம். அண்ணை என்றுகூடச் சொல்லமாட்டாள், "கனடாக்காரர்" என்றுதான் சொல்வாள், ஏதோ எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்தவரைச் சொல்வதுபோல.

மெசினை அனுப்பியது அவர்தான், சண்டைக்கு ஒரு வருடம் முந்தி. தாய் ஐரிஸ் அன்ரி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தா. ஷரோன் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் நாள் முழுக்க இருந்தாள். ஒரு இடத்தில் இருக்கத் தெரியாத பெண் அங்கே இருந்து என்ன பாடு பட்டிருப்பாள் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். போனில், "கேம் காட் வாங்கித் துலைக்கிற கரைச்சல் இல்லை, காட் போட உதிலை இடமும் இல்லை. கேம் எல்லாம் நெற்றாலைதான் இறங்கும், என்ரை எக்கவுண்டிலை இருக்கும். நானும் ஒண்டு வாங்கப் போறன். ரெண்டு பேரும் விளையாடுவம்" என்றார். மூன்று கேம் வாங்கிப் போட்டிருந்தார். தோட்டம் செய்கிறது ஒன்று, ரயில் பாதை போடுகிறது ஒன்று, மூன்றாவது எழுத்துக் கட்டங்கள். அன்ரி மோசம் போகும்வரை அந்த ஆஸ்பத்திரி வாட்டில் ஷரோன் கத்தரியும் பூசணியும் நட்டுக்கொண்டிருந்தாள்.

அன்ரி போய் எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலமை, காணி அளக்கிற சேவையர் ஒருவர் ரேப்போடும் இரண்டு ஆட்களோடும் கேற்றடியில் வந்து நின்றார். "பாதிக் காணி வித்தாச்சு, உங்களுக்குத் தெரியாதோ தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறார்.

அவளுக்குத் தெரியாது. பாதிக் காணி அருள்நேசன் பெயரில்தான் இருந்தது, உறுதிப் பத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. தனக்காகக் கையெழுத்துப் போட யாரோ ஒருவருக்கு அற்றோணி எழுதிக் கொடுத்து விற்றுவிட்டார். தங்கச்சிக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊரார் காணிச் சண்டைக்கெல்லாம் கோவை திறக்கிறவளுக்குத் தன் வளவுக்குள் நடந்தது தெரியவில்லை என்று கந்தோரில் ஒரு மாதம் கதைத்தார்கள். நானும் கதைத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். வாங்கினவர் வந்த கையோடு மதில் கட்டினார். அது ஷரோனின் குசினி யன்னலுக்கு இரண்டடி தள்ளி எழும்பியது. அன்றிலிருந்து அவள் வீட்டுக் குசினியில் மத்தியானத்திலும் லைற் போட்டுத்தான் சமைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த சுவிச்சைத் தட்டும்போது அவளுக்கு அண்ணன்மேல் கோபம் புதிதாக வரும். வரத்தான் செய்யும்.

எங்கள் பக்கத்தில் சகோதரங்கள் பிரிந்தால் அடிபட்டுக் கொள்வதில்லை. போக்குவரத்தை நிற்பாட்டிவிடுவார்கள். நல்லது கெட்டதுக்குப் போவதில்லை, வந்ததைத் தொடுவதில்லை. அந்த வருட நத்தாருக்கு அருள்நேசன் ஒரு பாசல் கொடுத்துவிட்டார். கொண்டு வந்தது ஜஸ்ரின், இருவருக்கும் ஒன்றுவிட்ட தம்பி முறை. ஷரோன் அவனைக் கேற்றுக்கு இந்தப் பக்கம் காலெடுத்து வைக்க விடவில்லை.

"உதைக் கொண்டே தந்தவரிட்டைக் குடு. இஞ்சை ஆரும் கேக்கேல்லை."

பாவம், அவன் அதைத் திரும்ப விமானத்தில் ஏற்றினானா, சொக்லேற்றைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தானா, அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதைவிடப் பெரிய பாசல் வந்தது. அதுவும் அதே கேற்றடியிலிருந்து அப்படியே திரும்பியது. அதற்குப் பிறகு பாசல் வரவில்லை. ஷரோனுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. எனக்கும், அவளுடைய கூட்டாளி என்ற முறையில், கொஞ்சம் இருந்தது.

"அப்ப அந்த மெசின்? அதையும் அனுப்பியிருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சண்டைக்கு முதல் தந்தது. முதல் தந்ததைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்லை" என்றாள், ஏதோ சட்டப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறவள் மாதிரி.

மூன்றாம் வருட நத்தார் முடிந்து பஸ்ஸில் மெசினைப் போட்டவள் என் தொடையில் ஒரு அடி அடித்தாள். பட்டியலில் நாலாவதாக ஒரு கேம். அவள் வாங்காதது. வெளிச்சவீட்டுக்காரன் ஒருவன் வழி தவறிய தோணிகளைக் கரை சேர்ப்பது.

"என்னடி இது, உனக்கு அனுப்பியிருக்கிறாரோ?"

"விசரோ உனக்கு? அவர் தனக்கு வாங்கியிருக்கிறார். எக்கவுண்ட் ஒண்டு எண்டபடியாலை எனக்கும் வந்து விழுந்திருக்கு."

"அவருக்கு என்னத்துக்கு உப்பிடிக் கேம்? சின்ன வயசிலை கார் ஓட்டமும் சண்டையும்தான் எண்டு நீதானே சொன்னனி."

"கனடாவிலை குளிருக்கை இருந்தால் எல்லாற்றை புத்தியும் மாறும்."

நாலைந்து நாள் அதைத் தொடாமல் இருந்தாள். பிறகு, அயல் வீட்டு மாங்காய் எங்கள் வளவுக்குள் விழுந்தால் நாங்கள் எடுத்துச் சாப்பிடுவதில்லையா என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு விளையாடினாள். அடுத்த நத்தாருக்கு இன்னொன்று. அதற்கடுத்த இரண்டு நத்தாருக்கும் ஒவ்வொன்று. வரவர அவளுக்கு அமைதி கெட்டது. காணியைச் சொல்லாமல் விற்ற மனுசன் இதையும் சொல்லாமல் ஒருநாள் வெட்டுவார், அங்கே இருந்து ஒரு பொத்தானை அமத்தினால் போதும் என்று அவள் நம்பினாள். ஆகவே காலமை பஸ் ஏறியவுடன் அந்த வட்டம். பின்னேரம் பஸ் ஏறியவுடன் திரும்ப அந்த வட்டம். "வெட்டினால் வெட்டட்டுமேயடி" என்றால் கோபம் வரும். வெட்டாமல் விட்டிருக்கிறாரே என்றால் அதைவிடக் கோபம் வரும். ஒரு மனிசி இப்படி ஆறு வருடம் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இந்த வருடம் ஆடி மாதத்தில் அருள்நேசன் குடும்பத்தோடு வருகிறார் என்று தெரிய வந்தது. ஒரு மாதம் நிற்பார்கள், கரவெட்டியில், மனைவி தயாளினியின் தாய் வீட்டில். எங்கள் கந்தோரிலிருந்து நடக்கிற தூரம். செய்தி கேட்ட நாளிலிருந்து ஷரோன் நகத்தைக் கடித்தே முடித்தாள். கோயிலில் பாட்டுக்குழுவில் நிற்கும்போதுகூட ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாளாம்.

"வந்து நிண்டு, 'என்ரை கேமைத்தானே விளையாடினனி' எண்டு ஒரு சொல் சொன்னால் நான் என்ன செய்யிறது?" என்று பஸ்ஸில் திடீரென்று கேட்டாள். "அவர் வாறதுக்குள்ளை நான் உதிலை இருந்து வெளியிலை வந்திட வேணும். கேமெல்லாம் காட்டா வாங்கிறன். காசு குடுத்தால் என்ரை. ஒருத்தரும் வெட்ட ஏலாது."

அந்தச் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ்ராண்டுக்குப் பக்கத்தில் கஜானியின் கடைக்குப் போனாள். கஜானி போன் திருத்துகிற பெண், முப்பது வயதிருக்கும். பழைய கேம் மெசின்களும் வாங்கி விற்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விரல்நக அளவில் கேம் காட்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை விளையாடி முடித்தால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இன்னொன்றை மாற்றிக்கொண்டு போகலாம். சிலதில் பழைய சொந்தக்காரர் பேனையால் பெயர் எழுதியிருந்தார்கள். ஒன்றில் 'மயூரதன் 8B' என்றிருந்தது.

கஜானி ஷரோனின் மெசினைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குக் காட் போட ஏலாதக்கா. இடமே இல்லை. அதோடை உதுக்குள்ளை இருக்கிற கேம் உங்கடையும் இல்லை. எக்கவுண்ட்காரர் ஆரோ, அவற்றை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்தை வைச்சிருந்தனான்?"

"விளையாட விட்டிருக்கினம். அவ்வளவுதான்." முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: "அவரும் இதே எக்கவுண்டிலை விளையாடுறவரோ? அப்பிடியெண்டால் ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை ஒரே கேமைப் போட்டால் உங்களை வெளியிலை விட்டிருக்குமே. எப்பவாவது அப்பிடி வந்ததோ?"

"இல்லை, ஒருநாளும் வரேல்லை. இஞ்சை பகலெண்டால் அங்கை ராத்திரி. பிறகெப்பிடி வரும்?"

அது நல்ல பதில்தான் என்று அன்றைக்கு எனக்கும் பட்டது. அங்கே உள்ளவர்களைப் பற்றி நினைக்கும்போது நாங்கள் முதலில் நினைப்பது மணிக்கூட்டைத்தானே. எந்தக் கேள்விக்கும் அந்த நேர வித்தியாசம் ஒரு பதிலாக வந்து நிற்கும்.

காட் போடுகிற பழைய மெசின் ஒன்றும், நாலு காட்டும் வாங்கினாள். பிறகு அண்ணனின் எக்கவுண்டைத் தன் மெசினிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

"எடுத்தால் எல்லாம் அழிஞ்சிடும். நீங்கள் விளையாடி வைச்சிருக்கிற தோட்டம், ரயில் எல்லாம். பறுவாயில்லையோ?"

ஷரோன் மெசினைக் கையில் வாங்கிக் கடைசிப் பொத்தானைத் தானே அமத்தினாள். ஏழு கேம் இருந்த இடம் வெறுமையாகியது. அவள் மெசினை என் கைப்பைக்குள் திணித்தாள்.

அருள்நேசன் வந்து இரண்டாம் நாள், கோயில் செயலாளர் செபநாயகம் மாஸ்டரிடம் ஒரு அட்டைப் பெட்டி போனது. இரண்டு வீட்டுக்கும் போய்வரக் கூடியவர் அவர் ஒருவர்தான். பெட்டிக்குள் மெசினும் சார்ஜரும். கடிதமில்லை. "முதல் தந்ததைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்லையெண்டாய்?" என்று நான் கேட்டதற்குக் கைப்பையை என் மடியில் வைத்தாள்.

மாஸ்டர் வந்து, "குடுத்திட்டன். வாங்கினவர். ஒண்டும் சொல்லேல்லை" என்றார். ஷரோன் அதை என்னிடம் நாலு தரம் சொன்னாள். ஒண்டும் சொல்லேல்லையாம். அதெப்படி ஒண்டும் சொல்லாமல் விடுவார்?

காட் மெசின் மூன்று நாள் இனித்தது. வட்டம் சுற்றவில்லை, ஒருவரையும் கேட்கத் தேவையில்லை, காட்டைத் தட்டினால் கேம். பெருமையாக எனக்கும் ஒரு காட் இரவல் தந்தாள், விளையாட எனக்கு மெசின் இல்லை என்பதை மறந்துவிட்டு. நாலாம் நாள் பஸ் பரந்த வல்லை வெளியில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது காட் மாற்றத் தொடங்கினாள். இவள் வழக்கம்போல யன்னலைத் திறந்து வைத்திருந்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. காட் விரலிலிருந்து தெறித்தது. சீற்றுக்கு அடியில் தேடினோம். கொண்டக்டர் தேடினார், மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா தன் கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா. யன்னலாலோ மிதிபலகைப் பக்கமாகவோ வெளியே விழுந்திருக்க வேண்டும். பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி ஷரோன் எழும்பினாள்.

"வெளிக்குள்ளை நிண்டு நகத்தளவு சாமானைத் தேடுறதே? இரடி" என்று நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

இருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு காட்டுக்காக அழுகிற ஆள் இல்லை அவள். "நான் ஏன் கஜந்தினி அவ்வளவத்தையும் அழிச்சனான்?" என்று என் பெயர் சொல்லிக் கேட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழிக்க முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடுத்த கிழமை புதன்கிழமை, பத்து மணிபோல என் மேசைக்கு முன்னால் தயாளினி வந்து நின்றா. மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று வேண்டுமாம். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டா:

"நீங்கள் ஷரோனோடை வேலை செய்யிறனீங்கள்தானே? அவ சுகமாயிருக்கிறாவோ? அந்தப் பெட்டி வந்ததிலை இருந்து இவர் ஒருமாதிரி இருக்கிறார். மெசினை மேசையிலை வைச்சுப் பாத்துக் கொண்டே இருக்கிறார். அதை எப்பிடிப் போடுறதெண்டும் தெரியாது."

"போடத் தெரியாதோ? அவரிட்டையும் உதே மெசின் இருக்கெல்லே?"

"எங்களிட்டையோ? இல்லையே. வாங்கிறன் எண்டு சொன்னவர்தான். அதுக்குள்ளை அவற்றை வேலை போயிட்டுது. பிறகு வாங்கவேயில்லை."

"அப்ப வருசா வருசம் நத்தாருக்குக் கேம் வாங்கினது?"

"அது ஷரோனுக்கு. மகளைக் கூப்பிட்டு இருத்தி, வெடி சுடாத, அடிபடாத கேம் ஒண்டு பார் எண்டுவார். ரெண்டு பாசல் திரும்பி வந்திட்டுது என்ன. 'இதைத் திருப்பி அனுப்ப அவளுக்கு வழியில்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

நான் திரும்பிப் பார்த்தேன். கோவை அலுமாரிக்குப் பக்கத்தில், கையில் ஒரு கோவையோடு ஷரோன் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கோவையை மேசையில் வைத்தாள், எடுத்தாள், வேறொரு மேசையில் வைத்தாள்.

"மச்சாள்," என்றாள், ஆறு வருடத்துக்குப் பிறகு. "அவர் வீட்டை நிக்கிறாரோ?"

"ஓம்."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். எனக்கும் சேர்த்து எழுதினாள், என்னைக் கேட்காமல். வெயிலுக்குள் அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போக, தயாளினியும் நானும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனோம்.

அருள்நேசன் விறாந்தையில் இருந்தார். நான் படத்தில் பார்த்த ஆள் இல்லை. தலை வெளித்து, தோள் இறங்கியிருந்தார். ஷரோன் படியில் நின்றபடி, "அண்ணை, அந்த மெசினைத் தாங்கோ. அது என்ரை" என்றாள்.

"உன்ரைதான். நீதானே அனுப்பினனி" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்தார்.

போட்டால் திரை வெறுமை. எக்கவுண்டைக் கேட்டது. அவர் பாஸ்வேட்டை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறகு அவருடைய போனுக்கு ஒரு இலக்கம் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். "நாலு... ஒண்டு... சைபர்... ஏழோ ஒண்டோ, பொறு." பிழைத்துவிட்டது. இன்னொரு இலக்கம் வந்தது. "மெதுவா வாசியுங்கோ" என்று அவள் சீறினாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தார். கதைபேச்சு இல்லாமலிருந்த அண்ணனும் தங்கச்சியும் கதைத்தது அந்த இலக்கங்களைத்தான், அதிலும் பாதி பிழை.

ஏழு கேமும் இறங்கத் தொடங்கின. சிக்னல் ஆமை வேகம். காட்டாக இருந்திருந்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவள் அப்போதே படியிறங்கியிருப்பாள். இது இறங்கி முடியவேண்டும், பாஸ்வேட் அவருடையது, அவள் இருக்கத்தான் வேண்டும். கதிரை நுனியில் இருந்தாள். அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் அவருடைய வலது காலும் அதே ஆட்டம் ஆடியது. பெரிய இலட்சணமான குடும்பம்.

முதல் கேம் முடிந்து இரண்டாவது தொடங்கியபோது கேட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லாமல் வித்தனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "வேலையும் போய், வீட்டுக் கடனும் கட்ட ஏலாமல் நிண்டனான். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் என்னாலை விக்க ஏலாது."

"சேவையர் வந்து சொன்னவர், அண்ணை. ஆரெண்டே தெரியாத சேவையர்."

"ஓம். பிழைதான். அதாலைதான் பிறகு உதுகளை வாங்கி..."

"உதையும் எனக்குச் சொல்லேல்லை!"

தயாளினி தேத்தண்ணித் தட்டோடு வந்தவ வாசலிலேயே நின்றுவிட்டா.

"வித்ததும் சொல்லாமல். தந்ததும் சொல்லாமல். இண்டைக்கு வெட்டுவார், நாளைக்கு வெட்டுவார் எண்டு ஒவ்வொரு நாளும் நான் பஸ்ஸுக்குள்ளை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். இவளைக் கேட்டுப் பாருங்கோ." நான் தலையை ஆட்டினேன். "பாசலைத் திருப்பி அனுப்பினன் எண்டால் அது என்ரை கோவம். அந்தக் கோவத்தையாவது எனக்கு விட்டிருக்கலாமே. திருப்ப வழியில்லை எண்டு சிரிச்சனீங்களாம். எனக்கு ஓம் எண்டும் இல்லை எண்டும் சொல்ல ஏலாத மாதிரித்தான் உங்களுக்கு எல்லாம் செய்யத் தெரியுமோ?"

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கு அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஷரோன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்றும் இருந்தது. இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்த எனக்கே அவளை உலுப்பியது காணி இல்லை, இதுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"இனி ஏதும் தாறதெண்டால் என்ரை கேற்றடிக்கு வந்து தாங்கோ" என்றாள் ஷரோன், எழும்பிக்கொண்டு. "நான் வேண்டாம் எண்டு சொல்லக்கூடிய மாதிரி."

மூன்று கேம்தான் இறங்கியிருந்தது. மெசினைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். பின்னேர பஸ்ஸில் அதை வெளியே எடுக்கவேயில்லை. வீட்டுக்குப் போய் நன்றாக அழுதிருப்பாள்.

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. திங்கட்கிழமை காலமை பஸ்ஸில் ஏறியவள் யன்னலைத் தொடவில்லை. கைப்பை அவள் மடியிலேயே இருந்தது. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"என்னடி?"

"நேற்றுக் கோயில் முடிஞ்சு வர, அண்ணை கேற்றடியிலை நிண்டவர்."

"என்ன கொண்டு வந்தவர்?"

"ஒண்டுமில்லை. வெறுங்கை. நான் பக்கத்துச் சின்னக் கதவாலை உள்ளுக்குப் போயிட்டன். கேற் பூட்டியிருந்தது. அவர் வெளியிலை நிண்டுகொண்டு, 'ஷரோன், வரலாமோ?' எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. அரை மணித்தியாலம் உள்ளுக்கு இருந்தனான். குசினிக்கும் விறாந்தைக்கும் எத்தினை தரம் நடந்திருப்பன் எண்டு தெரியாது. எட்டிப் பாத்தால் வெய்யிலுக்குள்ளை அப்பிடியே நிக்கிறார். திரும்பக் கூப்பிடவுமில்லை, போகவுமில்லை."

"பிறகு?"

"திறந்தனான்."

பஸ் கோப்பாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின் சீற்றில் யாரோ பலத்த குரலில் போனில் கதைத்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள், நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வதுபோல.

"கேட்டவர், கஜந்தினி" என்றாள். "என்னட்டைக் கேட்டவர்."